கையெழுத்துப் போடாத வீடு

— கதவை முழுசாச் சாத்தாதீங்க அக்கா.

— சாத்தலைன்னா தெருவே எட்டிப் பாக்கும், தம்பி.

— ஒரு கை அளவு திறந்திருந்தாப் போதும். தகரக் கதவைச் சாத்திட்டா எனக்கு மூச்சு வராது. அதாவது, பதினோரு வருஷம் ஜெயில்ல, தகரக் கன்டெய்னருக்குள்ள இருந்த பழக்கம். மன்னிச்சுக்குங்க.

— சரி. ஒரு கல்லை முட்டுக் குடுக்கிறேன். யாராவது கேட்டா நீ எங்க அம்மா ஊர்க்காரன். மசாவா துறைமுகத்துல மீனுக்கு ஐஸ் உடைக்கிற வேலை. உன் முகக் கருப்புக்கு அது பொருந்தும். பேரு என்ன சொன்ன?

— மியாஷோ.

— எங்க வீட்டுக்காரர் கிஃப்லாய்கூட ஒரே பெட்டியில இருந்தேன்னு வாசல்ல சொன்னியே, மியாஷோ. எவ்வளவு நாளு?

— அவரைக் கொண்டு வந்த நாள்லேர்ந்து, போன வருஷம் அவர் செத்துப்போன நாள் வரைக்கும். பத்து வருஷம். பக்கத்துப் பக்கத்து இடம். அவர் புரண்டு படுத்தா நானும் புரளணும்.

— அப்ப என்னைவிட நீதான் அவர்கூட அதிகமா படுத்திருக்க. எனக்கு ஒம்பது வருஷம்தான்.

— அக்கா.

— சிரிக்கலாம் தம்பி. அவரா இருந்தா சிரிச்சிருப்பார். உக்காரு, காப்பிக் கொட்டை வறுக்கிறேன். மூணு சுத்தும் குடிச்சிட்டுத்தான் கெளம்பணும்.

— மூணு சுத்து எனக்குத் தாங்காது. ஒரு கிட்னி போயிடுச்சு.

— ஒவ்வொரு கோப்பையிலயும் வாயை நனை, போதும். காப்பிக்கு வந்தவனை யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. பாதியில எழுந்து போனவனைத்தான் கேப்பாங்க. இந்தா, கொட்டை பொரியுது, புகையைக் கையால வாங்கிக்க. என்ன, அழுவுறியா?

— இல்லக்கா. இருட்டுலேர்ந்து வந்த கண்ணு, வெளிச்சம் பட்டா ஊத்திக்கிட்டே இருக்கு. டாக்டர் சொட்டு மருந்து குடுத்திருக்கார். அழுகை வேற மாதிரி இருக்கும்னு நெனைக்கிறேன். மறந்துபோச்சு.

— சரி.

— உங்க பொண்ணு ஃபேவன் விஷயம் கேள்விப்பட்டுத்தான் வந்தேன்.

— எல்லாரும் அதுக்குத்தான் வர்றாங்க.

— எங்க வெச்சிருக்காங்க?

— இங்க அஸ்மாராவுலதான், டவுன் போலீஸ் ஸ்டேஷன்ல. அஞ்சு மாசமாச்சு. கல்யாணத்துக்குப் பாட்டு ஒத்திகைன்னு சொல்லி ஒரு வீட்டுல பதினேழு பேர் கூடினாங்க. பொண்ணும் மாப்பிள்ளையும் நெசந்தான். பாட்டுதான் கல்யாணப் பாட்டு இல்ல, தடை பண்ணின நம்ம சபைப் பாட்டு. ரெண்டாவது பாட்டுக்குள்ள ஜீப் வந்துடுச்சு.

— வியாழக்கிழமை மாத்துறாங்கன்னு சொன்னாங்களே.

— நாளன்னைக்கு. விடுதலைத் தாள் முடியாதவங்க எல்லாரையும் லாரியில ஏத்தி உங்க கன்டெய்னர் பக்கம் அனுப்புறாங்களாம்.

— உங்க பக்கம்னு சொல்லாதீங்க அக்கா.

— சரி. அந்தப் பக்கம்.

— அவளுக்கு இப்ப என்ன வயசு?

— பத்தொம்பது. அவ அப்பாவைப் பிடிச்சப்ப எட்டு. பின்னல் போட்டுக்கிட்டிருந்தேன், பாதிப் பின்னலோட எழுந்து ஓடினா. சத்தம் போடாத, யாரோ வர்றாங்க.

— அல்கனேஷ், காப்பி வாசனை தெருமுனை வரைக்கும் வருது. நான் இல்லாம வறுக்க உனக்கு எப்படி மனசு வந்துச்சு?

— வா ஹிரித்தி, உக்காரு. இது மியாஷோ. எங்க அம்மா ஊரு.

— அப்படியா. விருந்தாளி ரொம்ப இளைச்ச ஆளா இருக்காரே. அந்த ஊர்ல சோறு கிடையாதா, இல்ல பொண்டாட்டி கிடையாதா?

— ரெண்டும் இல்லைங்க. மசாவாவுல ஐஸ் உடைக்கிறேன்.

— மசாவா வெயில் மனுசனை உப்புக்கண்டமா ஆக்கிடும். கதவு ஏன் இப்படி அரைகுறையா கிடக்கு, அல்கனேஷ்?

— புகை போகட்டும்னுதான்.

— சரி சரி. இந்தா, அரைக் கிலோ சக்கரை. உன் ரேஷன் கார்டைப் பிடுங்கி வெச்சிருக்கானுங்க, நீ எங்க போவ. என் பங்குலேர்ந்து எடுத்தேன். என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடாத.

— உன் கோப்பைக்கு எத்தனை கரண்டி?

— மூணு. நான் கொண்டு வந்த சக்கரைதானே. நாளைக்கு உன் பொண்ணுக்குச் சாப்பாடு கொண்டு போறல்ல? புத்தி சொல்லிட்டு வா. நானா இருந்தா பத்துக் கையெழுத்துப் போடுவேன். மையில என்னம்மா இருக்கு? வெளிய வந்து மனசுக்குள்ள கும்பிட்டுக்க வேண்டியதுதான், எந்தப் போலீஸ்காரன் அங்க எட்டிப் பாக்கப் போறான்? நாங்களும் இயேசுவைத்தானே கும்பிடுறோம். பழைய கோவில்ல கும்பிட்டா உங்களுக்கு மட்டும் கேக்காதா?

— கேக்கும் ஹிரித்தி.

— அப்பன் புத்தி அப்படியே அவளுக்கு. அந்தாளு பிடிவாதம் பிடிச்சு என்ன கண்டாரு? பாவம், நல்ல மனுசன். நான் கையில பை வெச்சிருந்தா ஸ்டாப்பு இல்லாத இடத்துலயும் பஸ்ஸை நிறுத்துவார். அல்கனேஷ், நான் ஒண்ணு கேப்பேன், மறைக்காமச் சொல்லு. அன்னைக்கு அந்த ஒத்திகையை நான் போய்ச் சொன்னதை நீ மனசுல வெச்சிருக்கியா?

— இல்ல.

— நான் சொல்லலைன்னா மாடி வீட்டுக்காரி சொல்லியிருப்பா. அப்புறம் உனக்கு ஏன் கேக்கலைன்னு என்னைக் கூப்பிட்டு நிக்க வெப்பாங்க. எனக்கும் ரெண்டு பிள்ளைங்க பட்டாளத்துல இருக்கு.

— தெரியும். காப்பி ஆறுது, குடி.

— உன் கைக் காப்பி மாதிரி இந்தத் தெருவுல கிடையாது. சரி, அடுப்புல பருப்பு வெச்சிட்டு வந்தேன். விருந்தாளி, மூணாவது கோப்பை குடிக்காம எழுந்துடாதீங்க, வீட்டுக்கு ஆகாது. நான் வர்றேன்.

— போயிட்டாங்களா, அக்கா?

— போயிட்டா.

— அவங்களா காட்டிக் குடுத்தது?

— ஆமா.

— அவங்களுக்குக் காப்பி ஊத்துறீங்க.

— தினமும் வர்றா. ஊத்தலைன்னா, ஏன் ஊத்தலைன்னு அதையும் போய் எழுதிக் குடுக்கணும் அவ. பாவம், முட்டி வலி வேற.

— உங்களுக்குக் கோவம் வரலியா?

— அவரைப் பிடிச்ச மொத வருஷம், எல்லார் மேலயும் வந்துச்சு. நல்லா வந்துச்சு. அப்புறம் எங்க போச்சுன்னு தெரியல. தேடவும் இல்ல. நீ அங்க நடந்தது ஏதாவது சொல்லு. அடிச்சதைச் சொல்லாத. கையைக் காலைக் கட்டி வெயில்ல போட்டதெல்லாம் எனக்குச் சொல்லிட்டாங்க, வேண்டாம்னாலும் சொல்லுவாங்க. காலைல எழுந்தா அவர் என்ன பண்ணுவார்?

— மொதல்ல எல்லாரும் செவுத்தை நக்குவோம். ராத்திரிக் குளிருக்குத் தகரம் வேர்த்திருக்கும். அந்தத் தண்ணி காயறதுக்குள்ள நக்கிடணும். அது முடிஞ்சதும் அவர் பஸ் எடுப்பார்.

— பஸ்ஸா?

— ஆமாக்கா. டிரைவர் இல்லியா. வாயாலயே என்ஜினைக் கிளப்புவார், காவல்காரனுக்குக் கேக்காத அளவுக்கு. இருபத்தாறு பேரும் பயணிங்க. தபால் ஆபீஸ், சினிமாக் கொட்டாய், பீர் ஃபேக்டரி, மெதெபெர் சந்தைன்னு ஸ்டாப்பு ஸ்டாப்பா சொல்லிக்கிட்டே வருவார். அவனவன் வீட்டுப் பக்கம் வந்ததும் கையைத் தூக்கணும். இறங்கினவன் வீட்டுல என்ன சமையல்னு எல்லாருக்கும் சொல்லணும். கிராமத்து ஆளு ஒருத்தன் என் ஊருக்கும் விடுங்கண்ணேன்னு கேட்டான். உன் ஊருக்குப் பஸ் கிடையாது, இங்கயே இறங்கிக் கழுதையைப் பிடின்னார்.

— அப்படித்தான் பேசுவார்.

— அன்னைக்கு ரொம்பச் சிரிச்சோம். சத்தம் வராமச் சிரிக்கப் பழகியிருந்தோம்.

— அவர் எங்க இறங்குவார்?

— டிரைவர் இறங்கக் கூடாதும்பார், மொத நாலு மாசம் வரைக்கும். அதுக்கப்புறம் இறங்க ஆரம்பிச்சார். கடைசி ஸ்டாப்புல பிரேக் போட்டுட்டு, இது என் வீடு, அல்கனேஷ் வாசல்ல நிக்கிறாம்பார்.

— நான் நின்னேனா?

— தினமும் நின்னீங்க. அவர் செத்த அன்னைக்குக் காலையிலகூட.

— சரி. எங்க புதைச்சாங்க?

— வேலிக்கு வெளிய. நான்தான் தோண்டினேன், இன்னொருத்தனும். ஒரு வேல மரம் இருக்கு. கல்லு அடுக்க நேரம் குடுக்கல. ரெண்டு கல்லு வெச்சேன்.

— அவரோட அப்பா, ஊர்ல இருக்கிற பழைய கோவில்ல போய் இடம் கேட்டார், பேருக்கு ஒரு குழி தோண்டி மூடிக்கிறோம்னு. வழி தப்பிப்போனவனுக்கு இங்க இடம் இல்லைன்னாங்களாம். உடம்பே இல்லாதவருக்கு இடம் கேட்டு வாசல்ல நின்னுட்டு வந்தார் அந்தப் பெரியவர். வந்து என்னைத் திட்டினார். நீ ஜெபம் பண்றியா, தம்பி?

— வாய் அசையுது. வேற ஒண்ணும் நடக்கல. நீங்க?

— எனக்கு வாயும் அசையல. ரெண்டாவது கோப்பை, இந்தா.

— அக்கா, நான் ஒண்ணு சொல்லணும். அதுக்குத்தான் பத்து நாளா உங்க தெருவைத் தேடினேன். சொன்னதும் என்னைப் போகச் சொன்னீங்கன்னா போயிடுறேன்.

— சொல்லு.

— அவரைப் பிடிச்ச ஆறாவது மாசம் உங்களுக்கு ஒரு சிகரெட் தாள் வந்துச்சு இல்லியா?

— வெள்ளித் தாள். விடுதலையான ஒருத்தர் சட்டைக் காலருக்குள்ள வெச்சுத் தெச்சுக் கொண்டு வந்தார். ‘கிஃப்லாய் கையெழுத்துப் போடவில்லை. உறுதியாக நிற்கிறார்.’ சபையில படிச்சாங்க. எல்லாரும் அழுதாங்க. வெளிநாட்டுல இருக்கிற நம்ம ஆளுங்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பினாங்க. அன்னையிலேர்ந்து எங்களுக்குக் கையெழுத்துப் போடாத வீடுன்னே பேரு. ஃபேவன் அந்த ரெண்டு வரியையும் வசனம் மாதிரி மனப்பாடம் பண்ணிக்கிட்டா.

— எழுதினது நான்.

— நல்ல கையெழுத்து உனக்கு. அச்சடிச்ச மாதிரி இருந்துச்சு.

— அது பொய், அக்கா.

— இரு, பொங்குது. கூஜாவை எறக்கிக்கிறேன். சொல்லு.

— அவர் போட்டுட்டார். நாலாவது மாசமே. ஒரு ராத்திரி கூட்டிக்கிட்டுப் போனாங்க. உன் பொண்ணு காய்ச்சல்ல கிடக்குறான்னு சொல்லியிருக்காங்க. இனிமே கூட்டத்துக்குப் போக மாட்டேன், வீட்டுல புஸ்தகம் வெச்சுக்க மாட்டேன், யாருக்கும் சொல்லிக் குடுக்க மாட்டேன்னு அச்சடிச்ச தாள். விடியறதுக்கு முன்னாடி கொண்டு வந்து தள்ளினாங்க. என் காதுல மட்டும் சொன்னார், மியாஷோ, நான் போட்டுட்டேன்னு. மத்தவங்களுக்கு நான் சொல்லல.

— ஃபேவனுக்குக் காய்ச்சல் வந்தது நெசந்தான். மலேரியா.

— நம்ம வழக்கம் உங்களுக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டவன் வீட்டுக்கு அடுத்த கூட்டம் எங்கன்னு சொல்ல மாட்டோம். ரொட்டி பிட்கும்போது கூப்பிட மாட்டோம். அதுல தப்பு இல்ல, போட்டவன் வாயைப் பிடுங்குவாங்க, பயம் இருக்கும். ஆனா நீங்க ஒரு குழந்தையை வெச்சுக்கிட்டுத் தனியா இருக்கீங்க. சபையும் ஒதுக்கிட்டா என்ன பண்ணுவீங்கன்னு பயந்து நான் அப்படி எழுதினேன். அவருக்கே தெரியாது. அதாவது, நல்லதுதான் பண்றேன்னு நெனச்சேன்.

— சரி.

— சரின்னு சொல்லாதீங்க அக்கா. திட்டுங்க. நான் எழுதின அந்தப் பொய்யைத்தான் உங்க பொண்ணு பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. அப்பா போடல, நானும் போட மாட்டேன்னு. அந்த இடத்துல பொண்ணுங்களை என்ன பண்ணுவாங்கன்னு நான் பாத்திருக்கேன். சத்தம் கேட்டிருக்கேன். நான் செத்தாலும் அதை உங்ககிட்ட சொல்ல மாட்டேன்.

— போட்டதுக்கு அப்புறமும் அவரை ஏன் விடலைன்னு அவர் என்ன நெனச்சார்?

— தாள் எங்கயாவது தொலைஞ்சிருக்கும்பார். இல்லைன்னா மேல ஒரு ஆபீசர் லீவுல இருப்பாரும்பார். லாரி சத்தம் கேட்டாப் போதும், சட்டையை உதறிப் போட்டுக்குவார். கடைசியில அது சட்டையாவே இல்ல, வெறும் காலர்தான் மிச்சம். அதையும் உதறிப் போட்டுக்குவார். அல்கனேஷ் ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கிக்கிட்டிருப்பா, காலு வலிக்கும் அவளுக்கும்பார்.

— அப்படிச் சொன்னாரா?

— பத்து வருஷமும் அதைத்தான் சொன்னார்.

— என் மேல கோவமா ஒண்ணும் பேசலியா?

— உங்க மேல என்னத்துக்குக் கோவம் வரும்?

— சும்மா கேட்டேன்.

— அவரை ஏன் விடலைன்னு எனக்கும் இன்னைக்கு வரைக்கும் புரியல அக்கா. நான் போட்டது போன மாசம். கிட்னி போனதும் இனிமே என்னத்துக்குன்னு ஆயிடுச்சு. எங்க அண்ணனைக் கூப்பிட்டு விட்டாங்க. இவன் திரும்பக் கூட்டத்துக்குப் போனா என்னைப் பிடிச்சுக்கங்கன்னு அவர் ஜாமீன் போட்டார். மறுநாள் காலையில வெளிய விட்டுட்டாங்க. அவ்வளவுதான். நடந்து வந்து பஸ் ஏறினேன். டிரைவர் முகத்தைப் பாக்க முடியல.

— நம்ம ஆளுங்க உன்னைக் கூப்பிட்டாங்களா?

— இல்ல. வழியில ரெண்டு பேர் பாத்துட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. நானா இருந்தாலும் திரும்பிக்குவேன். அதை விடுங்க. நாளைக்கு அவளைப் பாக்க எவ்வளவு நேரம் விடுவாங்க?

— அஞ்சு நிமிஷம். கம்பிக்கு இந்தப் பக்கம்.

— போதும். ரெண்டே வார்த்தை. உங்க அப்பாவும் போட்டார், மியாஷோ சத்தியம் பண்ணிச் சொல்றான்னு சொல்லுங்க. அவளைப் போடச் சொல்லுங்க. சபை ஒதுக்கினா ஒதுக்கட்டும், உசிரோட ஒதுங்கியிருக்கட்டும். கர்த்தர் கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்.

— அவகிட்ட சொல்ல வேண்டியதில்ல தம்பி.

— அப்படிச் சொல்லாதீங்க. அஞ்சு மாசம் தாங்கிட்டா, இதையும் தாங்குவான்னு நெனைக்காதீங்க.

— அவ போட்டுட்டா. போன வெள்ளிக்கிழமையே.

— போட்டுட்டாளா?

— போட்டுட்டா. சபைக்கு இன்னும் தெரியாது. ஞாயித்துக்கிழமை மூப்பர் ஒருத்தர் வந்து அப்பனைப் போலவே மகளும் நிக்கிறான்னு ஜெபம் பண்ணிட்டுப் போனார். நான் கண்ணை மூடிக்கிட்டேன்.

— அக்கா, இதைச் சொல்றதுக்கு ஏன் இவ்வளவு நேரம்? அப்ப அவ வந்துடுவால்ல. வியாழக்கிழமை லாரின்னு ஏன் சொன்னீங்க?

— ஜாமீன் கையெழுத்து வேணுமே. பெத்தவங்கதான் போடணுமாம். சாப்பாட்டு டப்பாவைத் திருப்பிக் குடுத்தப்ப தாளையும் கூடவே குடுத்தாங்க. அந்த மெத்தைக்கு அடியில இருக்கு.

— வெள்ளிக்கிழமையிலேர்ந்தா?

— ஆமா.

— நாலு நாளாச்சே. எடுங்க. இப்பவே போடுங்க, கையோட கொண்டு போய்க் குடுத்துடலாம். நான் ஸ்டேஷன் முனை வரைக்கும் வர்றேன். அங்க உள்ள உக்காந்திருக்கிறவங்களுக்கு ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது அக்கா.

— இப்பதான் நீ சொன்னியே. தெரியும்.

— பேனா இல்லியா?

— இருக்கு. மூணு தடவை எடுத்தேன்.

— அப்புறம் என்ன? விசுவாசத்தை மறுதலிச்ச மாதிரி ஆயிடும்னு பயமா?

— அந்தப் பயம் போய் ரொம்ப நாளாச்சு.

— அப்ப ஹிரித்திக்குப் பயப்படுறீங்களா? சபைக்கா? யாருக்கு?

— மூணாவது கோப்பையை எடுத்துக்க, ஆறுது.

— காப்பி வேண்டாம் அக்கா. பொண்ணு உசிரு உங்க கையில இருக்கு, ஒரு வரி எழுத என்ன யோசனை?

— அவரோட தாளும் இதே மாதிரி இந்த வீட்டுக்கு வந்துச்சு, மியாஷோ, அஞ்சாவது மாசம். அடி தாங்காமப் போட்டிருக்கார், நாமளாவது உறுதியா நிப்போம்னு ஜாமீன் போடாமத் திருப்பி அனுப்பிட்டேன். இப்ப பொண்ணுக்குப் போட்டேன்னா, அவருக்கு ஏன் போடலைன்னு நான் யாருக்குப் பதில் சொல்றது?